நடுவில் ஒற்றைப் பல் நிற்கும்போது பிரிட்ஜை ஒரே துண்டாகப் போடலாமா?

கேள்வி: கீழ்த்தாடையில் இடப்பக்கம் முதல் முன்கடைவாய்ப்பல்லையும் முதல் கடைவாய்ப்பல்லையும் எடுத்துவிட்டார்கள். கோரைப்பல், இரண்டாம் முன்கடைவாய்ப்பல், இரண்டாம் கடைவாய்ப்பல் மூன்றும் நன்றாக இருக்கின்றன. ஐந்து பல்லுக்கும் சேர்த்து ஒரே துண்டாகச் சிர்கோனியா (உறுதியான வெள்ளைப் பீங்கான் வகை) பிரிட்ஜ் போடலாம் என்கிறார் ஒரு டாக்டர். நடுவில் லாக் வைத்து இரண்டு துண்டாக, மெட்டல் செராமிக்கில் (உள்ளே உலோகம், மேலே பீங்கான்) செய்வதே நல்லது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: சிர்கோனியாவா மெட்டலா என்பது இங்கே இரண்டாவது கேள்விதான். முதலில் முடிவு செய்ய வேண்டியது கனெக்டரை. தாங்கும் பல்லின் மேல் உட்காரும் கேப்பையும், காலி இடத்தை நிரப்பும் பொய்ப்பல்லான பான்டிக்கையும் பிணைக்கிற இணைப்புக்குத்தான் அந்தப் பெயர். அது அசையாத வகையாக இருக்கலாம். சற்றே அசைய இடம் கொடுக்கும் வகையாகவும் இருக்கலாம். முதல் டாக்டர் சொன்னது அசையாதது, இரண்டாமவர் சொன்ன 'லாக்' அசையும் வகை.

உங்கள் வாயில் இரு பக்கமும் காலியிடத்தோடு தனியாக நிற்கும் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்தான் சிக்கலான இடம். இயற்கைப் பல் எதுவும் எலும்பில் இறுகி நிற்பதில்லை; கடிக்கும்போது மைக்ரான் கணக்கில் அசையும். தாடை வளைவாக இருப்பதால் கோரைப்பல் அசையும் திசை வேறு, கடைவாய்ப்பல் அசையும் திசை வேறு. மூன்றையும் ஒரே கம்பியாகப் பிணைத்துவிட்டால், ஒரு முனையில் கடி விழும்போது நடுப்பல் ஏற்றப்பலகையின் நடுத்தாங்கியைப் போலாகி, மறுமுனைக் கேப்பை மேலே நெம்பும். அங்கே சிமெண்ட் சிறிது சிறிதாக விடும். மற்ற இரண்டு கேப்களும் பிடித்துக்கொண்டிருப்பதால் பிரிட்ஜ் கழன்று வராது. உள்ளே எச்சில் புகுந்து பல் சொத்தையாவது தெரியவே தெரியாது. இந்த வகையில் அஞ்ச வேண்டியது உடைவதைவிட இதைத்தான்.

அதனால் உங்கள் நிலையில் இரண்டாமவர் சொல்வதே பாடப்புத்தக முறை. இதில் ஆய்வுகள் முழுக்க ஒத்துப்போகவில்லை; ஒரே துண்டாகப் போட்டு நன்றாக ஓடும் பிரிட்ஜ்களும் உண்டு. ஆனாலும் நடுப்பல் உறுதியாக, பான்டிக் பக்கத்துக்கு ஒன்றே ஒன்றாக, மேலே இயற்கைப் பற்கள் இருந்தால் லாக் வைப்பதையே நாங்கள் பரிந்துரைப்போம்.

லாக்கை எங்கே வைக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நடுப்பல் கேப்பின் பின்பக்கச் சுவரில் மேலே திறந்த குழி. பின்பக்கப் பான்டிக்கின் முன்முகத்தில் அந்தக் குழிக்குள் மேலிருந்து இறங்கும் நாக்கு. இதுதான் சரியான அமைப்பு. கடைவாய்ப் பற்கள் கடியின் விசையில் முன்னோக்கிச் சாயும் இயல்புடையவை. அந்தச் சாய்வு நாக்கைக் குழிக்குள் இன்னும் அழுத்தி உட்கார வைக்கும். குழியை நடுப்பல்லின் முன்பக்கம் வைத்தால் அதே விசை நாக்கை வெளியே தள்ளிவிடும்.

குழி கேப்பின் இயல்பான உருவத்துக்குள் அடங்க வேண்டும். அதற்கு நடுப்பல்லின் பின்பக்கத்தில் கூடுதலாகக் குடைய வேண்டியிருக்கும். குடையாமல் விட்டால் கேப் அந்தப் பக்கம் புடைத்து, ஈறு வீங்கும். லேபில் முன் துண்டின் மெழுகு வடிவத்தில் குழியைச் செதுக்கும்போது, அது பின்பக்கக் கடைவாய்ப்பல்லின் இறங்கு திசைக்கு இணையாக இருக்கிறதா என்று சர்வேயர் என்ற, இணைத்திசை பார்க்கும் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பின் துண்டு முழுதாக இறங்காது. வாயில் ஒட்டும்போது முன் துண்டு முதலில், பின் துண்டு பிறகு. நாக்குக்கும் குழிக்கும் நடுவே சிமெண்ட் போகக் கூடாது. போனால் லாக் இறுகி, பிரிட்ஜ் மறுபடி ஒரே துண்டாகிவிடும்.

லாக் ஒத்துவராத இடங்களும் உண்டு. எதிரே மேல்தாடையில் பல் இல்லாமலோ, கழற்றி மாட்டும் பல்செட்டோ இருந்தால் பின் துண்டு மெல்ல மேலெழும்பி நாக்கு குழியிலிருந்து நழுவும். தாங்கும் பற்களில் ஆட்டம் இருந்தாலும் வேண்டாம். அங்கே இறுக்கிப் பிணைப்பதே பாதுகாப்பு.

இனி சிர்கோனியா. ஒரே துண்டாகத்தான் செய்வதென்றால் கனெக்டரின் குறுக்கு வெட்டுப் பரப்பைக் கேளுங்கள். பின்பற்களில் சாதாரண மூன்று பல் பிரிட்ஜுக்கே சிர்கோனியாவில் 9 சதுர மி.மீ. வேண்டும், இரண்டு பான்டிக் அடுத்தடுத்து வந்தால் 12. மெட்டல் செராமிக்கில் ஏறக்குறைய 6 போதும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் புதுவகைச் சிர்கோனியா அழகாக இருக்கும், ஆனால் வலு குறைவு. பின்பற்களில் நீண்ட பிரிட்ஜுக்கு அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பரப்பைவிட உயரம் முக்கியம். 3 மி.மீ. உயரம், 3 மி.மீ. அகலம் என்றால் 9 சதுர மி.மீ. 4 உயரம், 2.5 அகலம் என்றால் 10. பரப்பில் வித்தியாசம் ஒன்றுதான். ஆனால் வளையாமல் நிற்கும் திறன் உயரத்தை மூன்று முறை பெருக்கிய அளவைப் (உயரம் × உயரம் × உயரம்) பொறுத்தது என்பதால், இரண்டாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். பல் குட்டையாக இருப்பவர்களுக்கு இந்த உயரம் கிடைக்காது. கிடைக்க வைப்பதற்காகக் கனெக்டரை ஈறு வரை இறக்கினால் சுத்தம் செய்ய வழியில்லாமல் போகும். அங்கே மெட்டல்தான் சரி.

சிர்கோனியா கனெக்டர் உடையும்போது விரிசல் பெரும்பாலும் ஈறுப் பக்கத்திலிருந்து தொடங்கும். கடிக்கும்போது பாலத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. பீங்கான் இழுவிசையைத் தாங்காது. அதனால் அடிப்பக்க வளைவு உருண்டையாக இருக்க வேண்டும், கூர்மையாக வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. பற்கள் தனித்தனியாகத் தெரியட்டும் என்று சூளையில் சுட்ட பிறகு வைர டிஸ்க்கால் இடுக்கை ஆழப்படுத்துவது லேபில் அடிக்கடி நடக்கும் தவறு. உடைந்த சிர்கோனியாவைப் பற்றவைக்க முடியாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

மெட்டலில் அந்த வசதி இருக்கிறது. நீளமான பிரிட்ஜை ஒரே வார்ப்பாக வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கிக் கோணுவதுண்டு. வாயில் வைத்துப் பார்த்தால் ஒரு முனை உட்காரும், மறுமுனை தூக்கி ஆடும். அப்போது மெல்லிய டிஸ்க்கால் வெட்டி, வாயிலேயே சரியான நிலையில் ரெசினால் பிடித்து, லேபில் சால்டர் (உருக்கி ஊற்றிப் பற்றவைக்கும் உலோகம்) வைக்கலாம். இடைவெளி சுமார் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் சால்டர் ஓடாது. கூடினால் சுருங்கி இழுக்கும். பான்டிக்கின் குறுக்கே சாய்வாக வெட்டினால் பற்றும் பரப்பு கூடும். இதெல்லாம் பீங்கான் ஏற்றும் முன் நடப்பது நல்லது. எனவே மெட்டல் டிரயல் (பீங்கான் ஏற்றாத உலோகத்தை வாயில் வைத்துப் பார்ப்பது) வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஒட்டும் முன் ஒவ்வொரு கனெக்டருக்கும் அடியில் சூப்பர் ஃபிளாஸ் நூல் நுழைந்து வருகிறதா என்று நீங்களே செய்து பாருங்கள். நுழையாவிட்டால் அன்றே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு தினமும் ஒருமுறை அதே நூல்.

வருடம் ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போது, கேப் ஓரத்தை ஈரமாக வைத்துப் பிரிட்ஜை மேலும் கீழும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நுரைக் குமிழ் வந்தால் அந்தக் கேப்பில் சிமெண்ட் விட்டிருக்கிறது. திடீரென வரும் கெட்ட வாடையும் அதே அறிகுறி. ஒரே துண்டு என்றால் பெரும்பாலும் முழுப் பிரிட்ஜையும் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். லாக் வைத்ததில் பின் துண்டை மட்டும் தனியாகக் கழற்றலாம். முன் துண்டு விட்டிருந்தால் மட்டும் பின் துண்டை முதலில் எடுத்தாக வேண்டும்.