துப்பாக்கிக் குழல் கருநீலமாக இருப்பது பெயிண்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் காவலாளியின் வேட்டைத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். பெயிண்ட் இல்லை. இரும்பின் மேற்பரப்பையே வேறு பொருளாக மாற்றியிருக்கிறார்கள். இதற்கு நீலமேற்றுதல் என்று பெயர்.

சாதாரணச் செந்துரு பொலபொலவென்று உதிரும்; உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்பட்டு அதுவும் துருப்பிடிக்கும். நீலமேற்றும்போது, எஃகைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் காஸ்டிக் சோடா போன்ற காரமும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலில் மூழ்கவைப்பார்கள். அப்போது உருவாவதும் ஒருவகைத் துருதான். ஆனால் கறுப்பானது, உதிராமல் எஃகை இறுகப் பற்றிக்கொள்வது. துருவைத் துருவாலேயே தடுக்கும் தந்திரம்!

வீட்டு இரும்புத் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கறுப்பாவது கருகிய எண்ணெய், இங்கே இரும்பே. ஆனாலும் குணம் ஒன்றுதான். தேய்த்துக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் காலையில் விளிம்பில் செம்மஞ்சள் புள்ளிகள் தெரியும். குழலும் அப்படித்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த கையால் பிடித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால், விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளில் காணும் மங்கிய சாம்பல் நிறம் வேறு முறை: பாஸ்பேட் பூச்சு. சொரசொரப்பான அதன் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பார்க்க அழகில்லை, ஆனால் மழைக்காட்டுக்கு என் ஓட்டு இதற்கே.

நீலமேற்றிய எஃகு துருவே பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள்; ஆனால் அந்தப் படலம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, உண்மையான காவல் அதன்மேல் தடவும் எண்ணெய்தான்.