பின்புற சஸ்பென்ஷன் புஷ் மாற்றுதல்: கேள்வி பதில்

பழைய காரின் பின்புற சஸ்பென்ஷன் புஷ்களைத் தாமே மாற்ற எண்ணுவோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரப்பர் புஷ் என்பது பேரிங்கைப் போலச் சுழலும் பொருள் அன்று. வெளியே ஓர் எஃகுக் கூடு, உள்ளே போல்ட் நுழையும் எஃகுக் குழல், நடுவே இரண்டோடும் ஒட்டிப் பிணைந்த ரப்பர். சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கை போன்ற உலோகத் துண்டை ஆர்ம் என்பார்கள்; அதன் இணைப்பில்தான் புஷ் இருக்கிறது. ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது அங்கே எதுவும் வழுக்குவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. கீழே உள்ள பதில்களில் பல இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறப்பவை.

கேள்வி: என் கார் 18 ஆண்டு பழையது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று சத்தம் வருகிறது. ஷாக் அப்சார்பரை மாற்றியும் தீரவில்லை. புஷ்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: இப்படி வீணாக ஷாக் அப்சார்பர் மாற்றியவர்கள் ஏராளம், வருந்த வேண்டாம். மெதுவாகப் போய்ப் பிரேக் பிடிக்கும்போதும், ரிவர்ஸில் வந்து நிறுத்தும்போதும் அதே சத்தம் ஒருமுறை மட்டும் கேட்டால் ஐயம் புஷ்ஷின் மேல் திரும்ப வேண்டும். வளைவிலோ தடம் மாறும்போதோ ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு காரின் பின்பகுதி ஒரு கணம் பிந்தித் தன் போக்கில் திரும்புவது போன்ற உணர்வும், பின் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்வதும் அடுத்த அடையாளங்கள். பிறகு காரைத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ஒரு நெம்புகோலை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல புஷ் சிறிது இணங்கி, விட்டவுடன் பழைய இடத்துக்கு வரும். போன புஷ்ஷில் உள்குழல் ரப்பரை விட்டுப் பிரிந்து, பிறைநிலா வடிவில் ஓர் இடைவெளி திறந்து மூடுவதைக் கண்ணாலேயே காணலாம். மேற்பரப்பில் உள்ள மயிரிழை விரிசலை மட்டும் பார்த்து மாற்ற வேண்டியதில்லை. சில புஷ்களில் வேண்டுமென்றே விடப்பட்ட துவாரங்கள் இருக்கும். அவற்றைக் கிழிசல் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு பக்கத்து புஷ் மட்டும் கிழிந்துள்ளது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. இரு பக்கமும் ஒரே காலம், ஒரே தூரம் உழைத்தவை. ஒரு பக்கம் விறைப்பும் மறுபக்கம் தளர்வுமாக இருந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கக்கூடும்.

கேள்வி: புஷ்ஷைச் சுற்றி ஏதோ திரவம் கசிந்து, அதில் தூசி படிந்து பசைபோல் இருக்கிறது. பிரேக் ஆயிலோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: அஞ்சியது நல்லதே; முதலில் பிரேக் ஆயில் அளவையும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால், உங்கள் காரில் இருப்பது உள்ளே திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் புஷ்ஷாக இருக்கலாம். கசிந்த ஹைட்ராலிக் புஷ்ஷைச் செப்பனிட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: போல்ட்டின் நட்டு கழன்றுவிட்டது. ஆனால் போல்ட் வெளியே வரவில்லை. தலையைத் திருப்பினால் புஷ்ஷும் சேர்ந்து முறுக்குகிறது.

பதில்: போல்ட்டும் உள்குழலும் துருவால் ஒன்றாகிவிட்டன. துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு, மறுநாள் திருப்பியும் தட்டியும் பாருங்கள். நட்டைப் போல்ட்டின் நுனியில் சில புரிகள் ஏற்றிவைத்துத் தட்டினால் புரி நசுங்காது. அப்படியும் அசையாவிட்டால், பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ரம்பத் தகட்டை நுழைத்துப் போல்ட்டை இருபுறமும் அறுத்துவிடுவதே குறுக்குவழி. புஷ் எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது. பெட்ரோல் தொட்டியும் பிரேக் குழாயும் அருகிலேயே இருப்பதால் தீயைப் பயன்படுத்தச் சொல்லமாட்டேன். இந்தப் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவோடு இத்தனை டிகிரி கோணம் திருப்ப வேண்டும் என்றும் குறித்துள்ள போல்ட்டுகள் பெரும்பாலும் ஒரே முறை பயன்படுத்தத் தக்கவை.

கேள்வி: என்னிடம் புஷ்ஷை அழுத்தி ஏற்றி இறக்கும் பிரஸ் இயந்திரம் இல்லை. பழைய புஷ்ஷை எடுத்துப் புதியதை ஏற்ற வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. தடித்த திருகுத்தண்டு, நட்டுகள், கனத்த வாஷர்கள், இரண்டு குழாய்த் துண்டுகள் போதும். ஒரு துண்டு புஷ் கழன்று உள்ளே விழுமளவு அகலமாகவும், மற்றது புஷ்ஷின் வெளிக்கூட்டின் விளிம்பில் மட்டும் அமருமளவிலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆர்மை வைத்துத் தண்டை இறுக்க இறுக்கப் புஷ் நகரும். அசையாத கூட்டை உள்ளிருந்து ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து மடக்கலாம். ஆர்மின் உலோகத்தில் ரம்பம் பட்டுவிடாமல் கவனம் வேண்டும். ரப்பரைக் கொளுத்தி எடுக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை: புகை நஞ்சு.

பழையதை எடுக்குமுன், துவாரங்கள் எந்தத் திசையில் இருந்தன என்று ஆர்மில் கீறி அடையாளமிடுங்கள். துவாரம் உள்ள திசையில் புஷ் மென்மையாகவும் மற்றத் திசையில் விறைப்பாகவும் இருக்குமாறு வடிவமைத்திருக்கிறார்கள். 90 டிகிரி மாறினால் புதிய புஷ்ஷே புதிய கோளாறாகிவிடும். ஏற்றும்போது விசை வெளிக்கூட்டில்தான் விழ வேண்டும். நடுக்குழலில் விழுந்தால் ஒட்டு அங்கேயே அறுந்துவிடும். வழுக்கலுக்குச் சோப்பு நீர் நல்லது. கிரீஸும் என்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைக்கும். புஷ்ஷை உறைபெட்டியில் வைத்தால் எளிதாக நுழையும் என்பது உண்மைதான், ஆனால் 40 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கூடு 40 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது ஏறத்தாழ 0.02 மி.மீ. மட்டுமே.

கேள்வி: எல்லாம் மாட்டியாயிற்று. கார் ஸ்டாண்டின் மேல் இருக்கும்போதே போல்ட்டுகளை இறுக்கிவிடலாமா?

பதில்: கூடாது. நான் கற்றுக்கொண்ட முதல் புஷ் வேலையில் இதைத்தான் செய்தேன். சக்கரங்கள் தொங்கிய நிலையில் நிறைவாக இறுக்கிவிட்டுக் காரை இறக்கினேன்; பின்பகுதி முன்பைவிடச் சற்று உயர்ந்து நின்றதைப் பார்த்து, புதிய புஷ் அல்லவா என்று மகிழ்ந்தேன். அந்த உயரத்தைத் தந்தது முறுக்கிய ரப்பர் என்பது, ஓராண்டு முடியுமுன் இரண்டும் கிழிந்தபோதுதான் புரிந்தது. இறுக்கியவுடன் உள்குழல் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுவே ரப்பருக்கு ஓய்வுநிலை. தொங்கும் நிலையில் பூட்டினால், கார் சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுக்கிலேயே இருக்கும்.

ஆகவே போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் வைத்து, கார் தன் எடையில் சக்கரங்களின் மேல் நிற்கும்போது, முன்னும் பின்னும் சிறிது உருட்டி அமரவிட்ட பிறகு, டார்க் ரெஞ்சால் உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அடியில் நுழைய இடமில்லையென்றால், வேலை தொடங்குமுன்பே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு, ஸ்டாண்டிலிருக்கும் காரின் ஆர்மை ஜாக்கால் அதே உயரத்துக்கு ஏற்றி இறுக்கலாம். கார் ஸ்டாண்டிலிருந்து மேலெழத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: நீடிப்பது உண்மை. ஆனால் அதில் ரப்பர் ஒட்டு இல்லை. உள்குழலின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. அதற்குரிய கிரீஸ் வற்றினால் கீச்சிடும், சாலையின் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். ஒரே அச்சில் சுழலும் ஆர்முக்குப் பொருந்தும். பல திசைகளில் நெளிய வேண்டிய டிரெய்லிங் ஆர்மில் (முன்பக்கம் காரில் மாட்டி, பின்னோக்கி நீண்டு சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்) அது அசைவையே தடுக்கக்கூடும். அன்றாடம் ஓட்டும் பழைய காருக்கு நான் ரப்பரையே போடுவேன்.

கேள்வி: வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்ட் கட்டாயமா?

பதில்: தனித்தனி ஆர்ம்கள் உள்ள காரில் கட்டாயம், கோணம் திருத்தும் கேம் போல்ட்டைக் கழற்றியிருந்தால் ஐயமே வேண்டாம், கழற்றுமுன் அதன் நிலையைக் குறித்து வைத்திருந்தால் அலைன்மென்ட் நிலையம்வரை ஓட்டிச்செல்ல ஏதுவாக இருக்கும். இரு சக்கரங்களையும் ஒரே உத்தரம் இணைக்கும் டார்ஷன் பீம் காரில் பெரும்பாலும் திருத்துவதற்கு எதுவும் இருக்காது, ஆயினும் உத்தரம் நேராக அமர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. அந்த உத்தரத்தை இறக்கும்போது பிரேக் குழாயும் ஹேண்ட் பிரேக் கம்பியும் ஏபிஎஸ் வயரும் இழுபடாதவாறு முன்கூட்டியே கழற்றியோ தளர்த்தியோ வைத்துக்கொள்ளுங்கள்.