அம்மாவின் தேத்தண்ணிக்கு எந்தச் சீனி?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் இனிப்பில்லாத தேத்தண்ணி இறங்க மாட்டேன் என்கிறது. கடைத்தெருவில் ஸ்டீவியா என்ற செடியிலிருந்து எடுக்கும் இனிப்புத் தூள் 50 பொட்டலம் 20 வெள்ளி சொல்கிறார்கள். அண்ணனோ, “குலா மலாக்கா (பனை, தென்னை வெல்லம்) போடு, அது ஒன்றும் செய்யாது” என்கிறார். எதை வாங்குவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள், சகோதரி. குலா மலாக்காவுக்கு வாசம் உண்டு, நிறம் உண்டு. உள்ளே பெரும்பங்கு சாதாரணச் சீனிதான். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

சரி, ஸ்டீவியாவுக்கு வருவோம். பாக்கெட்டின் முன்பக்கத்து இலைப் படத்தில் மயங்காமல், பின்பக்கம் திருப்பி ‘ராமுவான்’ (சேர்மானங்கள்) என்று போட்டிருக்கும் இடத்தைப் படியுங்கள். எடையில் அதிகம் உள்ள பொருள்தான் அங்கே முதலில் வரும். ஸ்டீவியாச் சாறு சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. துளிதான் தேவை. அப்படியானால் பொட்டலத்தை நிரப்பியிருப்பது எது? எரித்ரிட்டோல் என்ற இனிப்புப் பொருள் என்றால் இரத்தச் சர்க்கரை ஏறாது. டெக்ஸ்ட்ரோஸ் என்றால் அது குளுக்கோஸேதான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளும் வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாகிவிடும். ஒரு கிராம் பொட்டலத்தில் ஒன்றிரண்டு என்றால் பெரிதாகக் கெடுக்காது. பெரிய பாக்கெட் வாங்கிக் கரண்டியால் அள்ளினால்தான் வம்பு. முதல் சொல்லே ‘குலா’ (சீனி) என்றிருந்தால், சீனியில் கொஞ்சம் ஸ்டீவியா தூவிய சரக்கு. அதற்கு எதற்கு 20 வெள்ளி?

நல்ல சரக்காகவே இருந்தாலும் கோப்பைக்கு 40 காசு ஆகிறது. அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பு மாத்திரை கட்டுப்படியானால் அதுவும் சரிதான். 2023இல் அதைப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசியபோது பலர் பயந்தார்கள். ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச நிபுணர் குழு மாற்றவில்லை. இரண்டு மூன்று தேத்தண்ணி அதன் கிட்டேகூடப் போகாது. பாயசத்தில் மட்டும் போட்டுக் கொதிக்க விடாதீர்கள், இனிப்பு போய்விடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. தேத்தண்ணியில் டின் பால் ஊற்றுகிறீர்களா? அதில் ஏறக்குறைய பாதி சீனி. அதை ஊற்றிவிட்டு மேலே ஸ்டீவியா போட்டு என்ன பயன்? தே ஓ (பால் இல்லாத தேத்தண்ணி) போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் சீனி சேர்க்காத பால் ஊற்றுங்கள். பொட்டலத்தையும் ஒன்று, அரை என்று வாரா வாரம் குறைத்துப் பாருங்கள், நாக்கு பழகிவிடும்.

அதற்காக வீட்டுச் சீனி டின்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சில நேரம் சர்க்கரை திடீரென்று இறங்கும்: கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அப்போது ஸ்டீவியாவால் ஒரு பயனும் இல்லை. அம்மா நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதியுங்கள். அவருடைய மாத்திரை அந்த வகையா என்று அடுத்த முறை கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.