சர்க்கரை பார்த்தாச்சு, அப்புறம்?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். மெக்ஸிகோ, ஹோண்டுராஸ் குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதியில், ஒரு சர்ச் ஹாலில் வருடம் ஒரு முறை நண்பர்கள் சேர்ந்து இலவச மருத்துவ முகாம் நடத்துகிறோம். போன வருடம் "சுகர் அதிகம், டாக்டரைப் பாருங்கள்" என்று அனுப்பிய பலர் இந்த வருடமும் வந்தார்கள். மருந்து தொடங்கவே இல்லை, சர்க்கரையும் ஏறியிருக்கிறது. கையில் சில ஆயிரம் டாலர் நன்கொடை இருக்கிறது. இன்னொரு முகாம் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் முகாமில் குறையே அந்தச் சீட்டுதான். "டாக்டரைப் பாருங்கள்" என்றால் எந்த டாக்டரை? நாட்டிலேயே காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் மிக அதிகமாக இருப்பது டெக்சஸில். ஏழைகளுக்கான அரசு காப்பீடான மெடிகெய்டின் விரிவாக்கத்தை ஏற்காத மாநிலம் அது. கூரை வேலைக்கோ வீடு துடைக்கவோ போகிறவருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் அன்றைய கூலி போச்சு. சீட்டு பர்ஸில் மடிந்தே கிடக்கும்.

ஆகவே முகாமுக்கு முன்னாலேயே அடுத்த கதவைத் திறந்து வையுங்கள். அருகில் உள்ள சமுதாய சுகாதார மையத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். 1965இல் பாஸ்டனிலும் மிசிசிப்பியிலும் ஆரம்பித்த இந்த மையங்கள் இன்று நாடு முழுக்க மூன்று கோடிப் பேருக்கு வைத்தியம் பார்க்கின்றன. கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்து இறங்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் பெயரளவுக்கு ஒரு தொகை கட்டினால் போதும். "முகாமுக்கு அடுத்த இரண்டு வாரத்தில், சாயங்காலத்தில், 20 பேருக்கு நேரம் ஒதுக்குவீர்களா?" என்று கேளுங்கள். சரி என்றால் சீட்டுக்குப் பதில் தேதியும் நேரமும் எழுதிய அட்டையைக் கொடுத்து அனுப்பலாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து முடிவு சொல்வதற்கும் 'கிளியா' என்ற மத்திய அரசின் பரிசோதனைக்கூடச் சான்று வேண்டும். மையத்தோடு சேர்ந்து நடத்தினால் அந்தத் தலைவலியும் குறையும். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் வசிப்பவர்களுக்கு, அதன் பொது மருத்துவமனை அமைப்பான ஹாரிஸ் ஹெல்த்தின் நிதியுதவித் திட்டமும் உண்டு (பழைய ஆட்கள் 'கோல்டு கார்டு' என்பார்கள்). முகவரிச் சான்றும் வருமானச் சான்றும் தேடிச் சேர்ப்பதில்தான் பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பம் நிரப்ப ஒரு மேஜை போட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது பயம். 2024 நவம்பரிலிருந்து டெக்சஸ் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளிடம் குடியேற்ற நிலையைக் கேட்கின்றன. பதில் சொல்லாமல் இருக்கலாம், அதனால் சிகிச்சை பாதிக்காது. ஆனால் அந்த இரண்டாவது பாதி தெருவில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜூலையில் மத்திய அரசு சமுதாய மையங்களின் சேவையையும் குடியேற்ற நிலையோடு முடிச்சுப் போட்டது. சில மாநிலங்கள் வழக்குக்குப் போயின. ஆகவே உங்கள் ஊர் மையம் இன்று என்ன கேட்கிறது என்று போனில் விசாரித்த பிறகே ஆளை அனுப்புங்கள். உங்கள் படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குக் கட்டம் இருந்தால் இன்றே அடித்து நீக்கிவிடுங்கள்.

இப்போது பணம். அதை டெஸ்ட் ஸ்ட்ரிப்பிலும் டி-ஷர்ட்டிலும் போடாதீர்கள். ஒரு 'ப்ரொமோதோரா'வுக்குக் கொடுங்கள். அந்தத் தெருவிலேயே வாழ்ந்து, அந்தச் சர்ச்சுக்கே போகிற, சுகாதாரப் பயிற்சி பெற்ற பெண் அவர். டெக்சஸில் இதற்கு 160 மணி நேரப் பயிற்சியும் மாநிலச் சான்றும் உண்டு. மையத்தில் கேட்டால் ஆள் காட்டுவார்கள். அவரைத் தன்னார்வலர் ஆக்கிச் சும்மா வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது. மணிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுங்கள்.

அவரால் மட்டும் ஆகிற காரியத்துக்கு ஓர் உதாரணம். நாம் "சுகர் இருக்கு" என்கிற மாதிரியே அவர்களும் "தெங்கோ அஸூகார்" என்பார்கள்: எனக்குச் சர்க்கரை. ஏன் வந்தது என்று கேட்டால் பலர் 'சுஸ்தோ' என்பார்கள். ஒரு விபத்தில், ஒரு சாவுச் செய்தியில் திடுக்கிட்டதால் வந்ததாம். நம்மூர் பயந்த கோளாறுக்குப் பக்கத்து வீடு. இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. கடைசிக் கட்டத்தில் இன்சுலின் போட்ட மாமாவுக்குப் பார்வை போனதைப் பார்த்திருப்பார்கள், கண்ணைக் கெடுத்தது அதற்கு முந்தைய பத்து வருடச் சர்க்கரை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ப்ரொமோதோரா இதைக் கேலி செய்யமாட்டார். "நோபால் சாப்பிடுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள்" என்பார். நோபால் வேறொன்றுமில்லை, சப்பாத்திக்கள்ளி! முள் சீவி, முட்டையோடு வதக்குவார்கள். மாவில் சுடும் டோர்ட்டியா ரொட்டியைக் குறைத்து அதைச் சாப்பிட்டால் நல்லதுதான்.

மொழி விஷயத்தில் ஒரு கண்டிப்பு: பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனையில், அவசரம் தவிர, அதற்குச் சட்டத்திலேயே தடை. 1980இல் ஃப்ளோரிடாவில் 18 வயதுப் பையன் ஒருவன் மயங்கிக் கிடந்தான். குடும்பம் 'இன்டாக்ஸிகாதோ' என்றது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். டாக்டர்களுக்கு அது ஆங்கிலமாகக் கேட்டது, போதை என்று வைத்தியம் செய்தார்கள். உண்மையில் அது மூளையில் ரத்தக் கசிவு. கை கால் நான்கும் செயலிழந்தன. மருந்துச் சீட்டும் அப்படித்தான்: ஆங்கிலத்தில் 'ஒரு முறை' என்று எழுதும் 'ஒன்ஸ்' (once) அதே எழுத்துகளில் ஸ்பானிஷில் 'ஒன்சே', அதாவது பதினொன்று! லேபிளை ஸ்பானிஷில் அச்சிடச் சொல்லி மருந்துக்கடையில் கேளுங்கள். இன்னொன்று: குவாத்தமாலாவிலிருந்து வந்த எல்லோருக்கும் ஸ்பானிஷ் வராது. சிலர் மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள் பேசுகிறவர்கள்.

எல்லோரையும் 'லத்தீனோ' என்று ஒரே மூட்டையில் கட்டவும் கூடாது. நான்கு நகரங்களில் 16,000 பேருக்கு மேல் சோதித்த ஆய்வில், தென் அமெரிக்க வம்சத்தினரில் சுமார் 10 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய், மெக்ஸிகோ வம்சத்தினரில் சுமார் 18.

முகாமில் ஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள், வெறும் வயிறு தேவையில்லை. 6.5 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களை முதலில் பிடியுங்கள். முதல் அப்பாயின்ட்மென்டுக்கு முந்தின நாள் ப்ரொமோதோரா போன் செய்யட்டும், கார் இல்லாதவரை உங்களில் ஒருவர் கூட்டிப் போங்கள். மூன்று மாதம் கழித்து அதே 20 பேருக்கு மறுபடி ஏ1சி. நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் கடிதத்தில், முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுத வேண்டாம், அந்த இரண்டாவது ஏ1சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுங்கள்.