கடற்கரை ஊரில் கொல்லைப்புறத்துக்கு என்ன வாங்கலாம்?

கேள்வி: தூத்துக்குடியில் கடலுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. கொல்லைப்புறம் 12 அடிக்கு 10 அடி. அதில் வீட்டுச் சுவரை ஒட்டி 12-க்கு 5 அடி சிமென்ட் தளம், மீதி மண். மேலே கூரை இல்லை. நாலு பேர் உட்கார வட்ட மேசையும் நாலு நாற்காலியும் வாங்க நினைக்கிறோம். கடையில் ‘துருவே பிடிக்காது’ என்று ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட்டையும், பிளாஸ்டிக் பிரம்பு பின்னிய செட்டையும் காட்டுகிறார்கள். எது நல்லது?

பதில்: முதலில் இடத்தை அளந்து பாருங்கள். 3 அடி வட்ட மேசை போட்டு, நாற்காலியை இழுத்து உட்கார இரண்டு பக்கமும் இரண்டரை அடி விட்டால் 8 அடி ஆகிவிடும். உங்கள் தளமோ 5 அடி. இரண்டு நாற்காலி மண்ணில்தான் நிற்கும். ஒரு மழை பெய்தால் கால் புதையும்.

அதனால் சுவர் ஓரமாக ஒரு கருங்கல் பெஞ்ச் கட்டிவிடுங்கள். 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 20 மி.மீ. கனத்தில் பலகை போதும். எடை கிட்டத்தட்ட 38 கிலோ வரும். இரண்டு முனையில் மட்டும் தாங்கு கொடுத்தால் ஆள் உட்காரும்போது நடுவில் விரிசல் விடும். நடுவிலும் ஒரு செங்கல் தூண் வேண்டும். உட்காரும் உயரம் 17 அங்குலம். தண்ணீர் தேங்காமல் முன்பக்கம் லேசாகச் சரித்துப் பதிக்கச் சொல்லுங்கள். பெஞ்சுக்கு முன்னால் நீள்சதுர மேசை, அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு நாற்காலி. நாலு பேர் தாராளமாக உட்காரலாம்.

இனி அந்த இரண்டு நாற்காலி. விலை குறைந்த ஸ்டீல் செட் என்றால் பெரும்பாலும் 202 ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. உப்புக்காற்று பட்டால் வெல்டிங் வைத்த இடத்தில் முதலில் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டினால் நம்பாதீர்கள். 202-லும் ஒட்டாது, அதைவிட உயர்ந்த 304 ரகத்திலும் ஒட்டாது. கடலோரத்துக்கு ஏற்றது மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம். விலை அதிகம்.

பிரம்பு செட்டில் காந்தம் உதவும். நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலுக்குள் இருக்கும் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. பின்னலுக்குள் தங்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாமலே அதை அரித்துவிடும். காந்தம் ஒட்டாத, பவுடர் கோட்டிங் செய்த அலுமினியச் சட்டமே வேண்டும். பின்னல் நுனிகளை அடியில் ஸ்டேபிள் பின் கொண்டு அடித்திருந்தால் அதுவும் வேண்டாம். அந்தப் பின் துருப்பிடித்ததும் பின்னல் அவிழும். பின்னும் பட்டை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பிவிசி பிளாஸ்டிக் வெயிலில் மொறமொறத்து ஒடியும்.

‘அலுமினியச் சட்டம், பாலிஎத்திலீன் பின்னல்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். பொருள் மாறியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: மேசையைத் தேக்கில் செய்யலாமா?

பதில்: தாராளமாக. வைரம் பாய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். ஓரத்து வெள்ளைப் பகுதி இருந்தால் உளுத்துப்போகும், கரையானும் ஏறும். வார்னிஷ் அடிக்காதீர்கள், வெயிலில் தோல் தோலாக உரியும். எண்ணெய் பூசலாம், பூசாமலும் விடலாம். நிறம் சாம்பலாக மாறுமே தவிர மரம் கெடாது. காலின் அடிமுனைதான் தண்ணீரை உறிஞ்சும். நாலு காலுக்கும் ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள்.