உச்ச சுரம் மட்டும் போதாது: பெல் கான்டோ சோப்ரானோக்கள் பற்றிக் கேள்வி பதில்

பெல் கான்டோ ஓபரா பாடும் சோப்ரானோக்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: சோப்ரானோ என்பது பெண் குரல்களில் மிக உயர்ந்த வகை. பெல் கான்டோ என்று நான் இங்கே சொல்வது, 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ரோசினி, பெல்லினி, டோனிசெட்டி மூவரும் எழுதிய இத்தாலிய ஓபராக்களையும் அவற்றைப் பாடும் முறையையும்.

கேள்வி: அக்கா, நேராகவே கேட்கிறேன். ஒரு பாடகி மகத்தானவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கண்ணாடி உடைகிற மாதிரி உச்சத்தில் பாடுவதுதானே பெரிய விஷயம்?

இல்லை தம்பி. உச்ச சுரம் வேண்டும்தான், அது இல்லாமல் இந்த வேடங்களுக்குப் பக்கத்திலேயே போக முடியாது. ஆனால் அதை எட்டுகிற பாடகிகள் எந்தக் காலத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் முதலில் கேட்பது நடு ஸ்தாயியில் மெதுவாக நகரும் ஒரு நீண்ட வரியை அவர் எப்படிக் கொண்டுபோகிறார் என்பதைத்தான்.

பெல்லினியின் 'நோர்மா'வில் முதல் அங்கத்தில் வரும் 'காஸ்தா தீவா'வை எடுத்துக்கொள்ளுங்கள். கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் பூசாரிணி நோர்மா, ரோமானியர்மேல் போருக்குத் துடிக்கும் தன் மக்களை அடக்கி, நிலவை நோக்கி அமைதி வேண்டுகிறாள். அவளோ அந்த ரோமானியர்களின் தலைவனையே ரகசியமாகக் காதலித்து இரண்டு பிள்ளைகளும் பெற்றவள். முதலில் புல்லாங்குழல் மெட்டை வாசித்துக் காட்டும், அப்புறம் அவள் குரல் நுழையும். கீழே தந்தி வாத்தியங்கள் மெல்லிசாக அலைபோல் போய்க்கொண்டிருக்கும், வேறு துணை பெரிதாகக் கிடையாது. குரலில் ஒரு சின்ன நடுக்கம் வந்தாலும் அதை மறைக்க எதுவும் இல்லை. வரி ஏறி ஏறி ஓர் இடத்தில் நிற்கும். அங்கே ஒரே சுரத்தைத் தாளத்துக்குச் சற்று விலக்கி விலக்கி மறுபடி மறுபடி பாட வேண்டும், ஒவ்வொரு முறையும் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் உச்சம். அந்த உச்சம் அதற்கு மேல் வெறும் அரைச் சுரம்தான்! ஆனால் அது வரும்போது வானமே திறந்த மாதிரி இருக்க வேண்டும். சாதாரணப் பாடகி அந்த அரைச் சுரத்தைத் தொடுவார். மகத்தானவர் அதற்கு முந்தைய சுரங்களை வைத்தே நம்மை அதற்காக ஏங்க வைத்துவிடுவார். பெல்லினியின் மெட்டுகளை 'நீண்ட, நீண்ட, நீண்ட' என்று வெர்டி மெச்சியது சும்மா இல்லை.

கேள்வி: அவ்வளவு நீளமான வரிக்கு மூச்சு எப்படிப் போதுகிறது? நுரையீரல் பெரிதாக இருக்குமா?

நிறையக் காற்று இழுப்பதில் விஷயம் இல்லை, குறைவாகச் செலவழிப்பதில்தான் இருக்கிறது. மூச்சை இழுத்தபின் விலா எலும்புகளை விரிந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, நெஞ்சு சட்டென்று இறங்கிவிடாமல், காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. இத்தாலியர்கள் இதை அப்போஜியோ என்பார்கள். கேட்க எளிது, உடம்பில் பதிய வருடங்கள் ஆகும்.

இதைச் சோதிக்க ஒரு பழைய பயிற்சி இருக்கிறது: மெஸ்ஸா டி வோச்சே. ஒரே சுரத்தை மிக மெல்லிசாகத் தொடங்கி, முழுக் குரலுக்குப் பெருக்கி, மறுபடி மெல்லிசாக்கி முடிக்க வேண்டும், எல்லாம் ஒரே மூச்சில். காற்றழுத்தம் கூடினால் சுரம் தானாக மேலே ஏறப் பார்க்கும், குறைந்தால் இறங்கும். அதனால் அழுத்தம் மாற மாற குரல்நாண்களின் இறுக்கத்தையும் அதற்கு எதிர்த்திசையில் மாற்றிக்கொண்டே போக வேண்டும், கேட்பவருக்கு அது தெரியவும் கூடாது. இதைச் சுத்தமாகச் செய்கிறவரிடம் மற்ற எல்லாம் வந்துசேரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேட்டுப் பார்க்க வேண்டுமானால் ஸ்பெயின் சோப்ரானோ மொன்செராட் கபாயே. 1974இல் பிரான்சில் ஓரான்ஜ் ஊரின் பழைய ரோமானியத் திறந்தவெளி அரங்கில் அவர் 'நோர்மா' பாடிய படப்பதிவு இருக்கிறது. மிஸ்த்ரால் என்ற அந்தப் பகுதியின் பலத்த காற்று உடையையெல்லாம் பறக்க அடிக்கிறது. அந்தக் காற்றிலும் மெல்லிய சுரம் ஒன்றுகூட உடையவில்லை.

கேள்வி: மைக் இல்லாமல் பாடுவார்கள் என்பது உண்மையா? கத்தினால்கூட ஆர்கெஸ்ட்ராவைத் தாண்ட முடியுமா?

உண்மைதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறத்தாழ 3,800 பேர் உட்காரலாம், அங்கேயும் பாடகர்களுக்கு மைக் கிடையாது. கத்தினால் தாண்ட முடியாது, ஒரு வாரத்தில் தொண்டை போய்விடும். ஆர்கெஸ்ட்ராவின் ஒலிச்சக்தி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குவிகிறது. பயிற்சி பெற்ற குரல் 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் தனியாக ஒரு வலு சேர்த்துக்கொள்ளும், நம் காதும் அங்கேதான் மிகக் கூர்மை. சோப்ரானோ மேலே போகும்போது வேறு உத்தி: அவர் பாடும் சுரமே 1,000 ஹெர்ட்ஸை எட்டுகிறது, அதற்கேற்ப தாடையை இறக்கி வாயைத் திறந்து வாய்க்குழியின் ஒத்ததிர்வை அந்தச் சுரத்தோடு பொருத்திவிடுகிறார். பெரிய ஒலி அப்படித்தான் வருகிறது, பலத்தால் அல்ல.

கேள்வி: சொற்களே புரியவில்லையே! இத்தாலியன் தெரிந்த என் தோழிக்கும் புரியவில்லை.

மேலே சொன்னதுதான் காரணம். உச்சத்தில் வாய் அகலத் திறந்துவிடுவதால் இ, உ, ஏ எல்லாமே 'ஆ' பக்கம் சாய்ந்துவிடும். அது இயற்கையின் விதி, எந்தப் பாடகியையும் குறை சொல்ல முடியாது. நடு ஸ்தாயியில் சொல் தெளியவில்லை என்றால் மட்டும் குறை சொல்லலாம், நானும் சொல்வேன்.

கேள்வி: நாற்பது வருடமாகக் கர்நாடக இசை கேட்பவன். அவர்கள் வேகமாக உருட்டுவதும் நம் பிருகாவும் ஒன்றுதானே?

வேகத்தில் உறவு இருக்கிறது ஐயா, வேலை வேறு. அவர்கள் கலரதூரா என்று சொல்லும் அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு சுரமும் தனியாக, சரியான இடத்தில் நிற்க வேண்டும், ஆனால் சங்கிலி அறுந்துவிடக் கூடாது. நமக்கு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வளைவிலேயே ராகம் இருக்கிறது. அவர்கள் அந்த இழைப்பை அளவாக, உணர்ச்சி கேட்கிற இடத்தில் மட்டும் வைப்பார்கள்.

எல்லையைப் பற்றி ஒன்று சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபடும். நம் பாடகி ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடினால் தார ஸ்தாயி பஞ்சமம் ஏறத்தாழ 622 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கச்சேரிகளில் அதுதான் உச்சம். டோனிசெட்டியின் 'லூச்சியா' பாடுகிறவர்கள் பித்துக் காட்சியின் முடிவில் எடுக்கும் உச்ச சுரம் 1,244 ஹெர்ட்ஸ், அதாவது அந்தப் பஞ்சமத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே. நம் பாடகி முடிக்கிற வட்டாரத்தில்தான் சோப்ரானோவின் குரல் தலைக்குரலுக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பம் காதுக்குத் தெரியாமல் இருப்பது அவர்கள் கலையில் பாதி.

கேள்வி: அந்தப் பித்துக் காட்சியைப் பற்றியே கொஞ்சம் சொல்லுங்களேன். எல்லோரும் புல்லாங்குழலோடு போட்டி போடுவதைத்தான் புகழ்கிறார்கள்.

அந்தப் புல்லாங்குழல் போட்டியை டோனிசெட்டி எழுதவே இல்லை! 1835இல் நேப்பிள்ஸ் சான் கார்லோ அரங்கில் 'லூச்சியா' மேடையேறியபோது அது கிடையாது. அவர் முதலில் அந்தக் காட்சிக்கு நினைத்தது கண்ணாடிக் கிண்ணங்களை ஈர விரலால் தேய்த்து ஒலியெழுப்பும் வாத்தியத்தை, பிறகுதான் அதைப் புல்லாங்குழலாக மாற்றினார். குரலும் குழலும் மாறி மாறி ஓடும் அந்த நீண்ட கடென்சா, அதாவது பாடகி தன் வித்தையைக் காட்டும் அலங்காரப் பகுதி, பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. பாடகி நெல்லி மெல்பாவுக்காக அவருடைய ஆசிரியை மார்கேசி எழுதியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு அந்தக் காட்சியில் உயிரே தொடக்கம்தான். கட்டாயக் கல்யாணம் நடந்த இரவில் கணவனைக் குத்திக் கொன்றுவிட்டு, விருந்தினர் முன்னால் லூச்சியா வருகிறாள், காதலன் எட்கார்தோவின் குரல் கேட்கிறது என்கிறாள். அங்கே ஓட்டமும் இல்லை, உச்சமும் இல்லை. நடு ஸ்தாயியில், பேச்சுக்கு நெருக்கமாக, நான்கைந்து சுரங்கள். கொஞ்சம் தள்ளி 'கடைசியில் நான் உன்னுடையவள்' என்று ஒரு வரி வரும். அதை நிஜமான சந்தோஷத்தோடு பாட வேண்டும், அவளுக்கு அது நிஜம் அல்லவா? சோகமாகப் பாடினால் காட்சி செத்துப்போகும். அந்தச் சந்தோஷம் நம்பும்படி இருந்தால்தான் பின்னால் வரும் அலங்காரமெல்லாம் நிலைதவறிய மனத்தின் ஓட்டமாகக் கேட்கும். இல்லாவிட்டால் வெறும் வித்தை.

கேள்வி: சுருதியை இறக்கிப் பாடுகிறார்களாமே? அது ஏமாற்று இல்லையா?

இல்லை. 'காஸ்தா தீவா' பெல்லினியின் கைப்பிரதியில் ஒரு முழுச் சுரம் மேலே இருக்கிறது, இன்று பெரும்பாலும் இறக்கித்தான் பாடுகிறார்கள். லூச்சியாவின் பித்துக் காட்சியும் அப்படியே. குரலுக்கு ஏற்றபடி மாற்றுவது அந்தக் காலத்திலேயே சாதாரண வழக்கம்.

கேள்வி: காலஸா, சதர்லண்டா? நழுவாமல் பதில் சொல்ல வேண்டும்.

நழுவவில்லை. மரியா காலஸ். ஆனால் ஜோன் சதர்லண்டைக் குறைத்துச் சொல்கிற ஆள் நான் இல்லை.

1952 நவம்பரில் லண்டன் கோவென்ட் கார்டனில் காலஸ் நோர்மாவாகப் பாடியபோது, நோர்மாவின் தோழி குளோதில்தாவாகச் சின்ன வேடத்தில் நின்றவர் சதர்லண்ட். அதே மேடையில் 1959 பிப்ரவரியில் லூச்சியாவாக நின்று ஒரே இரவில் உலகப் புகழ் பெற்றார். அவ்வளவு பெரிய குரல் அவ்வளவு வேகமாக ஓடியதை அதற்கு முன் யாரும் பதிவில் கேட்டதில்லை என்றே நினைக்கிறேன். அவருடைய ட்ரில் இன்றும் அளவுகோல்: பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும், பலர் செய்வதுபோல் குரலை நடுக்கிச் சமாளிப்பது அல்ல. குறை என்றால் சொல் தெளிவு. அதிலும் மெதுவான வரிகளில் சொற்கள் கரைந்துபோகும்.

காலஸின் குரல் அழகு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதில்லை. மூன்று தனிக் குரல்களை ஒட்டவைத்த மாதிரி இருக்கும், பிந்தைய வருடங்களில் உச்ச சுரங்கள் தள்ளாடும். ஆனால் 1949 ஜனவரியில் வெனிஸில் என்ன செய்தார் பாருங்கள்: ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் கனமான புரூன்ஹில்டே வேடத்தைப் பாடிக்கொண்டிருந்தவர், வேறொரு பாடகி நோயில் விழ, நடத்துநர் துல்லியோ செராபின் கேட்டதற்காக, சில நாட்களுக்குள் பெல்லினியின் 'இ பூரிதானி'யில் மெல்லிய ஓட்டங்கள் நிறைந்த எல்விராவைப் பாடினார். அதுவரை அந்த வேடங்களை லேசான குரல்காரர்கள் அலங்காரத்துக்காகப் பாடிவந்தார்கள். காலஸ் வந்தபின் ஒவ்வொரு அலங்காரமும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியதாயிற்று.

'நோர்மா'வின் முடிவைக் கேளுங்கள். துரோகம் செய்த பூசாரிணி யார், பெயரைச் சொல் என்று கூட்டம் கேட்கிறது. எல்லா வாத்தியங்களும் அடங்கிவிடும். நோர்மா 'சோன் இயோ', 'நான்தான்' என்கிறாள். இரண்டே சொல், அலங்காரம் இல்லை, உச்சம் இல்லை. காலஸ் அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது. இந்த வேடத்தை 1831இல் முதன்முதலில் பாடிய ஜுதித்தா பாஸ்தாவின் குரலும் சீரானது அல்ல என்றே அவரைக் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெல்லினி எழுதியது அவருக்காகத்தான்.

கேள்வி: குண்டாக இருந்தால்தான் குரல் வருமா?

கொழுப்புக்கும் குரலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கபாயே பருமன், இத்தாலிய சோப்ரானோ மரியெல்லா தேவியா ஒல்லி, இருவருக்கும் மூச்சு அபாரம். காலஸ் 30 கிலோவுக்கு மேல் இளைத்ததால்தான் குரல் போயிற்று என்று சொல்வார்கள், அது நிரூபணம் ஆகாத பேச்சு.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. வீட்டில் லூச்சியாவின் உச்ச சுரத்தை எட்டிவிடுகிறாள். இப்போதே ஓபரா வேடங்களைக் கற்றுக்கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். அந்த வயதில் சுரம் எட்டும், ஆனால் அதைத் தாங்கும் தசை வளர்ந்திருக்காது. சதர்லண்ட் லூச்சியா பாடியபோது வயது 32. 1965இல் நியூயார்க் கார்னகி ஹாலில் வேறொருவருக்குப் பதிலாக 'லுக்ரேசியா போர்ஜியா' பாடி கபாயே புகழடைந்ததும் 32இல்தான். இப்போதைக்கு நடு ஸ்தாயி, மூச்சு, இத்தாலிய உயிரெழுத்துகள், எளிய பழைய இத்தாலியப் பாட்டுகள் போதும். வலித்தாலோ, பாடியபின் குரல் கரகரத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடட்டும். ஆசிரியர் தொடரச் சொன்னால் ஆசிரியரை மாற்றுங்கள்.

அவளுக்கு ஒருவரைக் கேட்கக் கொடுக்க வேண்டுமானால் தேவியாவைக் கொடுங்கள். நாற்பது வருடத்துக்கு மேல் மேடையில் இருந்தவர், தன் குரலுக்குக் கனமான வேடங்களை ஒதுக்கிவைத்தே வந்தார். முதல் நோர்மாவைப் பாடியது 2013இல், 65 வயதை ஒட்டி. 2018இல் வெனிஸில் அதே வேடத்தோடு ஓபரா மேடையிலிருந்து விடைபெற்றார். அவளை உச்ச சுரங்களைத் தாண்டிப்போய் மெதுவான வரிகளைக் கேட்கச் சொல்லுங்கள், மூச்சு எங்கே எடுக்கிறார் என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அவளால் கண்டுபிடிக்க முடியாது.