வேல்ஸ் அணிக்காக கேரத் பேல் அடிச்ச 41 கோல் உண்மையிலேயே பெரிய சாதனையா?

ஃபுட்பால்ல ரொனால்டோ, மெஸ்ஸி எல்லாம் நாட்டுக்காக நூறு கோலைத் தாண்டிட்டாங்க, அவங்க பக்கத்துல வெச்சுப் பாத்தா 111 மேட்ச்ல 41 கோல் என்ன பெரிய விஷயம்னு கேட்டிருக்கீங்க. நான் பேல் ஆட ஆரம்பிச்ச காலத்துல இருந்து அவரோட மேட்ச்சைத் தேடித் தேடிப் பாக்குறவன். என் பதில், ஆமா, ரொம்பப் பெரிய சாதனைதான். ஆனா அந்த நம்பரை மட்டும் பாத்தா அது புரியாது, எந்தெந்த கோல் எப்ப வந்துச்சுன்னு பாக்கணும்.

வேல்ஸ் பிரிட்டன்ல, இங்கிலாந்துக்குப் பக்கத்துல சுமார் 30 லட்சம் பேர் இருக்கிற நாடு. அங்க ரக்பிக்கு இருக்கிற மவுசு வேற. ஃபுட்பால்ல பேல் காலத்துக்கு முன்னாடி 1958ல ஒரே ஒரு தடவைதான் வேர்ல்டு கப் போனாங்க, குவார்ட்டர் ஃபைனல்ல 17 வயசு பீலே அடிச்ச கோல்ல 1-0ன்னு தோத்து வெளிய வந்தாங்க. அதுக்கப்புறம் 58 வருஷம் எந்தப் பெரிய போட்டியோட இறுதிச் சுற்றுக்கும் போகல. நடுவுல கிட்டத்துல போய்ப் போய் விட்டதுதான் அதிகம், 1993ல ருமேனியாவோட வேல்ஸ் தலைநகர் கார்டிஃப்ல நடந்த மேட்ச்ல 1-1ன்னு இருக்கும்போது வேல்ஸ் வீரர் பால் போடின் அடிச்ச பெனால்டி க்ராஸ்பார்ல பட்டுத் திரும்பினதை அந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் சொல்லி வருத்தப்படுவாங்க.

அந்தக் காலத்து ஹீரோ இயன் ரஷ். பேலுக்கு முன்னாடி வேல்ஸ் ஆண்கள் டீமுக்கு அதிக கோல் அடிச்ச ரெக்கார்டு அவர்கிட்டதான் இருந்துச்சு, 73 மேட்ச்ல 28 கோல். அவருக்கு முன்னாடி ட்ரெவர் ஃபோர்டும் ஐவர் ஆல்சர்ச்சும் ஆளுக்கு 23. கணக்குப் போட்டுப் பாத்தா ஒரு மேட்ச்சுக்கு எத்தனை கோல்ங்கிறதுல ரஷ்ஷும் பேலும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஃபோர்டு 38 மேட்ச்லயே 23 அடிச்சிருக்கார், அந்த விதத்துல அவர்தான் மேல. ரஷ் ஒண்ணும் லேசான ஆள் இல்ல, 1991ல வேர்ல்டு சாம்பியனா இருந்த ஜெர்மனியை கார்டிஃப்ல 1-0ன்னு சாய்ச்சது அவரோட கோல்தான். ஆனா பாவம், அத்தனை கோல் அடிச்சும் வேல்ஸுக்காக ஒரு யூரோவோ (ஐரோப்பிய நாடுகளுக்கான போட்டி) வேர்ல்டு கப்போ அவருக்கு ஆடக் கிடைக்கல. எனக்கு அது எப்பவுமே மனசுல ஒரு குறைதான்.

பேல் அந்த ரெக்கார்டை முறியடிச்சது 2018 மார்ச்ல, சீனாவுல நானிங்ல நடந்த ஒரு மேட்ச்ல. 26ல இருந்தவர் ஹாட்ரிக் அடிச்சு 29க்குப் போனார், வேல்ஸ் 6-0ன்னு ஜெயிச்சுது. நியூஸ்ல எல்லாம் அதைத்தான் பெருசாப் போட்டாங்க, ஆனா அவரோட முக்கியமான கோல்னு எடுத்தா நான் அந்த மூணையும் கணக்குலயே சேக்க மாட்டேன்.

2014 செப்டம்பர்ல ஆண்டோராவுல நடந்த மேட்ச்சைத்தான் சொல்லுவேன். யூரோ 2016 குவாலிஃபையரோட, அதாவது தகுதிச் சுற்றோட முதல் மேட்ச், குட்டியூண்டு நாடு, செயற்கைப் புல் தரை, ஆரம்பத்துலயே ஒரு பெனால்டி குடுத்து வேல்ஸ் 0-1 பின்னாடி. பேல் தலையால முட்டி சமன் பண்ணிட்டார், அதுக்கப்புறம் நேரம் ஓடுது கோல் வரல. 80 நிமிஷத்துக்கு மேல ஒரு ஃப்ரீ கிக். அடிக்கிறார், போகல. ஆனா ஃப்ரீ கிக்கைத் தடுக்க சுவர் மாதிரி வரிசையா நின்ன ஆண்டோராக்காரங்க முன்னாடியே ஓடி வந்துட்டாங்கன்னு ரெஃப்ரீ மறுபடி அடிக்கச் சொல்றார். அதே இடத்துல பந்தை வெச்சு, மூச்சை இழுத்து விட்டு அடிச்சார் பாருங்க, சுவரைத் தாண்டி நேரா வலைக்குள்ள. அன்னிக்கு டிரா ஆகியிருந்தா அந்த டீமோட நம்பிக்கையே அங்கயே உடைஞ்சிருக்கும்னு நான் இன்னமும் நினைக்கிறேன். அதே குவாலிஃபையர்ல பின்னாடி பெல்ஜியத்தை 1-0ன்னு ஜெயிச்சது பேல் கோல், அவரோட 50வது மேட்ச் அது. சைப்ரஸ்ல 82வது நிமிஷத்துல தலையால முட்டி 1-0, அதுவும் அவர்தான். அந்த குவாலிஃபையர் முழுக்க வேல்ஸ் அடிச்சதே 11 கோல், அதுல 7 பேலோடது. வேற எந்த டீம்லயாவது ஒருத்தர் தோள் மேல இவ்வளவு பாரம் இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க.

யூரோவுல முதல் மேட்ச் ஸ்லோவாக்கியாவோட, பிரான்ஸ்ல இருக்கிற போர்டோல. 10வது நிமிஷம், ஃப்ரீ கிக், கோல். 58 வருஷத்துக்கப்புறம் ஒரு பெரிய போட்டியில வேல்ஸ் அடிச்ச முதல் கோல். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, 2006ல 17 வயசுல அவர் வேல்ஸுக்கு அடிச்ச முதல் கோலும் இதே ஸ்லோவாக்கியாவுக்கு எதிராத்தான், அதுவும் ஃப்ரீ கிக்தான், ஆனா அன்னிக்கு சொந்த மண்ணுல 1-5ன்னு அடி வாங்கினாங்க. பத்து வருஷத்துல அதே டீமை 2-1ன்னு ஜெயிச்சு, அப்படியே செமி ஃபைனல் வரைக்கும் போய்ட்டாங்க.

இப்ப இன்னொண்ணு சொல்றேன், இது நிறைய பேர் கவனிக்காதது. பேலோட வாழ்க்கையிலயே பெரிய ஃப்ரீ கிக் இந்த 41ல இல்லவே இல்ல. 2022 ஜூன், உக்ரைனோட கார்டிஃப்ல பிளே ஆஃப், ஜெயிச்சா வேர்ல்டு கப்புக்குப் போகலாம். கொட்டுற மழை. 34வது நிமிஷத்துல இடது பக்கத்துல இருந்து பேல் தாழ்வா வேகமா ஒரு பந்தை உள்ள விடுறார், அதைத் தலையால தட்டி விடலாம்னு குனிஞ்ச உக்ரைன் வீரர் யார்மொலென்கோ தலையில பட்டு அவங்க வலைக்குள்ளயே போய்டுச்சு. ஸ்கோர் ஷீட்ல ஓன் கோல், அதனால பேல் கணக்குல சேரல. அதுக்கப்புறம் கோல்கீப்பர் ஹென்னஸி ஒத்தையாளா மறிச்சு நின்னு அந்த 1-0வைக் காப்பாத்தினார். உக்ரைன் அப்ப போர் நடந்துக்கிட்டு இருந்த நாடு, அவங்க அழுததைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு, சந்தோஷப்படவும் முடியல, படாம இருக்கவும் முடியல.

அப்புறம் கத்தார்ல நடந்த அந்த வேர்ல்டு கப். அமெரிக்காவோட மேட்ச் நம்ம ஊர் டைமுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. வீட்டுல எல்லாரும் தூங்கிட்டாங்க, டிவி சவுண்டை மியூட்ல போட்டுட்டுப் பாத்தேன். வேல்ஸ் 0-1, முதல் பாதியில பந்தே கிடைக்கல. 80 நிமிஷம் ஆனப்போ பேலையே பின்னால இருந்து தள்ளிச் சாய்ச்சாங்க, பெனால்டி. அவரே அடிச்சார், கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ஞ்சார், ஆனா அந்த வேகத்துக்கு கை போதாது. 64 வருஷத்துக்கப்புறம் வேர்ல்டு கப்ல வேல்ஸுக்கு ஒரு கோல், அதுதான் அவரோட 41வது. அந்த வேர்ல்டு கப்ல அவங்க அடிச்சதும் அது ஒண்ணுதான். அடுத்த ஜனவரியில 33 வயசுல ஓய்வு சொல்லிட்டார்.

கடைசியா ஒரு திருத்தம், இதைச் சொல்லாம விட்டா தப்பு. ஆண்கள், பெண்கள் ரெண்டு டீமையும் சேத்துப் பாத்தா வேல்ஸுக்கு அதிக கோல் அடிச்சது பேல் இல்ல, ஜெஸ் ஃபிஷ்லாக். பெண்கள் டீம்ல ஹெலன் வார்டு 44 அடிச்சு வெச்சிருந்தாங்க, அதை 2024 ஜூலையில கொசோவோவுக்கு எதிரா ஃபிஷ்லாக் தாண்டினாங்க. பேல் மாதிரியே அவங்களும் கார்டிஃப்காரங்கதான். 2025 யூரோவுல பிரான்ஸோட மேட்ச், 38 வயசு, பக்கத்துல இருந்து உள்ள தட்டினாங்க, லைன்ஸ்மேன் ஆஃப்சைடுன்னு கொடியைத் தூக்கிட்டார். விஏஆர்ல, அதாவது வீடியோவுல திரும்பப் பாத்து கோல்னு குடுத்தாங்க. பெரிய போட்டியில வேல்ஸ் பெண்கள் அடிச்ச முதல் கோல், ஃபிஷ்லாக்கோட 48வது.